லயத்து வீட்டுக்கு ஒரு பேர்

அம்சவல்லிக்குக் கோபம் வந்தால் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கமாட்டாள். தேயிலை எஸ்டேட்டின் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இது எல்லாருக்கும் தெரியும். அவள் வீட்டுக் கோழிகளுக்குக்கூடத் தெரியும். கரண்டி இருந்தால் கரண்டி பறக்கும், விறகு இருந்தால் விறகு. கல்யாணமாகி வந்த புதிதில் இடுப்பைத் தொட்டுப் பேசிய ஒரு ஆபீஸ் கிராணியைக் கொழுந்து வெட்டும் கத்திரியின் பிடியால் விட்டாள் பாருங்கள் ஒரு அடி, காது கிழிந்து தொங்கிவிட்டது. கிராணிக்குத் தையல் போட்டார்கள். அம்சவல்லிக்குப் பேரை வெட்டினார்கள்.

பேர் என்றால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் இருக்கிற பேர். எஸ்டேட்டில் அதுதான் எல்லாம். நிரந்தர ஆளாகப் பேர் பதிந்த ஒருத்தராவது வீட்டில் இருந்தால்தான் லயத்து வீடு. இல்லாவிட்டால் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு இறங்கவேண்டியதுதான். கன்ட்ராக்டில் கிலோவுக்கு இவ்வளவு என்று வெட்டுகிறவர்களுக்கு வீடு கிடையாது. பேர் போன நாளிலிருந்து அம்சவல்லி கன்ட்ராக்டுதான். வீடு நின்றது புருஷன் ராஜுவின் பேரில்.

அந்த ராஜுவும் ஒரு மழைநாளில் போய்ச் சேர்ந்தான். ரிங்லெட்டுக்கு இறங்குகிற வளைவில் கொழுந்து லோரி சறுக்கிப் பள்ளத்தில் கவிழ்ந்து, மூட்டைகளுக்கு அடியில் கிடந்தவனை இழுத்து எடுத்தபோது முகத்தை மூடித்தான் கொண்டுவந்தார்கள். கருமாதி முடிந்த மறுநாளே கங்காணி சுப்பிரமணியம் வாசலில் வந்து நின்றார். கெட்ட மனுஷன் இல்லை. மேலே கேட்கிறார்கள், அவர் கீழே வந்து கேட்கிறார்.

"அம்சவல்லி, யாரு பேர எழுதிக்க?"

மகன் விமலன் அப்போதுதான் பதினேழு வயசில் அஞ்சாம் பாரம் முடித்திருந்தான். படிப்பில் சுமார். ஆனால் இஞ்சின் என்றால் பைத்தியம். ஈப்போவில் பெரிய வண்டிகள் ரிப்பேர் பண்ணுகிற படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. அந்தப் பையன் அப்பாவின் சப்பாத்தை மாட்டிக்கொண்டு காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போய் நின்றான். அம்சவல்லி அவன் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"பாப்பா அஞ்சாம் பாரம் முடிக்கட்டும்டா. அவ பேரப் போட்டுட்டு உன்னைய அனுப்பிடறேன். செத்த உங்கப்பா மேல சத்தியம்."

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அழுதுகொண்டு மூலையில் கிடந்த சின்னவள் சசிரேகாவிடம் போய், "நீ படி ராசாத்தி. அண்ணன் இருக்கான்ல. நீ தேயிலக் காட்டுல எறங்கவேணாம், அப்பா மேல சத்தியம்" என்றும் சொல்லிவைத்தாள். வீட்டில் இருந்த ஒரே முட்டையை ரெண்டு பிள்ளைக்கும் காட்டி வைத்தாள் புண்ணியவதி. அப்போதைக்கு ரெண்டு பேரும் அழுகையை நிறுத்தினார்கள். பின்னாடி பார்த்துக்கொள்ளலாம் என்று அவளும் நிம்மதியாகக் காட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பின்னாடி, சசிரேகா அஞ்சாம் பாரம் முடித்த இந்த வருஷம் வந்தது.

அன்று காலை பனி இறங்கி எதிர் வரிசைகூடத் தெரியவில்லை. மெஷின் சத்தம் மட்டும் மலையெல்லாம் அதிர்ந்தது. கொழுந்து வெட்டுகிற மெஷினுக்கு ரெண்டு ஆள் வேண்டும். செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன். ஒரே நடையில் போனால்தான் பிளேடு சமமாக ஓடும், பின்னால் இழுபடுகிற நீளப் பையில் கொழுந்து விழும். விமலன் மேட்டுப் பக்கம் பிடித்திருந்தான், வங்காளதேசத்து ஆள் ஒருத்தன் பள்ளத்துப் பக்கம். மெஷின் இறங்கமுடியாத கீழ்ச்சரிவில் அம்சவல்லி கத்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தும் பாவாடை நனைந்து கனத்தது.

மேல் பாதையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திய சுப்பிரமணியம், நல்ல சேதி சொல்கிற நினைப்பில் இரைந்தார்.

"டேய் விமலா! தங்கச்சிக்கு மெட்ரிக்குலேஷன் காலேஜு கெடைச்சிருச்சாமேடா! டவுன்ல டீச்சர் சொன்னாங்க. நல்லா வரட்டும்டா! அப்ப வீட்டுப் பேரு ஒன்னோடதுதான். மாத்தற வேலையில்லலா!"

மெஷின் சத்தம் நின்றது. விமலன் தன் பக்கத்துப் பிடியை அப்படியே விட்டான். பிளேடு செடிக்குள் சொருகி, கீழ்ப்பக்கம் பிடித்திருந்த ஆள் முட்டி தேய விழுந்து அவன் பாஷையில் கத்தினான். விமலன் திரும்பிப் பார்க்கவில்லை. நிறைந்திருந்த பையை எட்டி ஒரு உதை விட்டான். காலையெல்லாம் வெட்டிய கொழுந்து சரிவு நெடுகச் சிதறியது. ராஜு லோரியிலிருந்து சிதறிய கொழுந்து அம்சவல்லிக்கு ஞாபகம் வந்தது.

"தெரியுமாம்மா ஒனக்கு?"

"வீட்டுல பேசிக்கலாம்டா. ஆளுங்க பாக்கறாங்க."

"அப்ப தெரியும்."

அவன் லயத்தைப் பார்த்துச் சரிவில் இறங்கி நடந்தான். அம்சவல்லி கத்திரியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் பின்னாலேயே ஓடினாள்.

சசிரேகா அடுப்படியில் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள். சோறு இறக்கியிருந்தது, அம்மியில் சம்பல் பாதி அரைத்துக் கிடந்தது. அண்ணன் சப்பாத்தோடு உள்ளே வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அடுப்பை அணைத்தாள்.

"உக்காருண்ணே. சாப்புட்டுட்டு பேசுவோம்."

"எனக்கும் ஈப்போவுல எடம் கெடைச்சிருக்கு, தெரியுமா ஒனக்கு?"

அது யாருக்கும் தெரியாது. திரிங்காப்பிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிற ஒரு சிநேகிதன் சொல்லி, விமலன் சத்தமில்லாமல் மறுபடி மனுப் போட்டிருக்கிறான். அதே படிப்பு. வருகிற திங்கட்கிழமை போய்ச் சேரவேண்டும். சசிரேகாவும் அதே திங்கட்கிழமைதான், அதற்குள் போனில் தட்டித் தன் இடத்தை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

"அடுத்த வருசம் போயேண்டா" என்றாள் அம்சவல்லி.

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும். இந்தத் தடவ விட்டா அவ்ளோதான். சாவற வரைக்கும் மெஷின் புடிச்சிக்கிட்டு கெடக்கவேண்டியதுதான். அவ அடுத்த வருசம் போவட்டும்."

"மெட்ரிக்குலேஷன் இந்த வருசம் வுட்டா அடுத்த வருசம் குடுக்கமாட்டாங்கண்ணே" என்றாள் சசிரேகா.

"ஆறாம் பாரம் படி. அது இங்க பள்ளிக்கூடத்துலயே இருக்குல்ல?"

"ஆறாம் பாரம் படிச்சிக்கிட்டு காட்டுக்கும் போவ முடியுமாண்ணே? செக்ரோல்ல பேரு இருந்தா தெனம் பெரட்டுல நிக்கணும். நீயே சொல்லு."

"அப்ப படிக்காத! வேலைக்குப் போ! கியா பார்ம்ல ஸ்ட்ராபெரி விக்கிற பொண்ணுங்கள்லாம் அஞ்சாம் பாரம் முடிச்சவங்கதான், செத்தாப் போயிட்டாங்க?"

"அப்ப நீயும் அந்த வேலைக்கே போவேண்டியதுதானே. எதுக்கு ஈப்போ?"

வாய். அந்த வீட்டுக்கே வாய்தான் எமன். அம்சவல்லி, "வாய மூடுடி" என்று சொல்வதற்குள் விமலன் எறிந்த நெத்திலிச் சட்டி சுவரில் மோதித் தெறித்தது. சூடான எண்ணெய் சசிரேகாவின் புறங்கையில் பட்டு அவள் அலறினாள்.

"அண்ணன் இருக்கான்னு சொல்லித்தானேடி வளத்தா ஒன்னைய! ஒனக்கு பள்ளிக்கூட பஸ்ஸு, ஒனக்கு டியூசனு, ஒனக்கு புதுசா போனு! எல்லாம் எவன் முதுகுல? நான் ஆளா மாடா இந்த வீட்டுல?"

"யாரு சொன்னா மாடுன்னு? அம்மா எங்கிட்ட சத்தியம் பண்ணாங்க. அப்பா மேல."

விமலன் அம்சவல்லியை மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா மேலயா?"

பிள்ளைகள் ரெண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். இப்போதாவது, "ஆமா, நான் பொய் சொன்னேன், எனக்கு வேற வழி தெரியல" என்று அழுதிருக்கலாம். அவள் சுபாவம் அதற்கு விடவில்லை.

"ஆமாடா! ரெண்டு பேருகிட்டயும்தான் சொன்னேன்! அதுக்கு இப்ப என்னா? வெட்டிப் போடப் போறியா?"

விமலன் மேசைமேல் கிடந்த தங்கையின் போனை எடுத்துத் தரையில் அடித்தான். சப்பாத்துக் காலால் மிதித்தான். ஒருதரம் இல்லை, கண்ணாடி தூளாகிற வரைக்கும் மிதித்தான். "இப்ப எதுல தட்டி ஏத்துக்குவ எடத்த? சொல்லு, எதுல தட்டுவ?" சசிரேகா பாய்ந்து அவன் முதுகில் குத்தினாள். அவன் அவள் தலைமுடியைச் சுருட்டிப் பிடித்தான்.

"வா. இப்பவே பெரட்டுக்களத்துக்கு வா. கங்காணிகிட்ட நீயே ஒம்பேர சொல்லு."

வாசற்படி வரை தரதரவென்று இழுத்துப்போய்விட்டான். அம்சவல்லி அடுப்படியிலிருந்து விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மகன் என்று பார்க்கவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. ரெண்டாவது புருவத்தில். ரத்தம் கண்ணை மறைத்தது, அப்படியும் அவன் பிடியை விடவில்லை. பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. "ஐயோ, புள்ளய கொல்றானே" என்று யாரோ கத்தினார்கள். சசிரேகா அவன் முழங்கையைக் கடித்தாள். அவன் அவளுடைய வலது கையைப் பின்பக்கமாக மடக்கி முறுக்கினான்.

'மளுக்'கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான்.

சசிரேகா கத்தக்கூட இல்லை. அப்படியே வாசல் கால்வாய் ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். கை மணிக்கட்டுக்கு மேலே இருக்கக்கூடாத ஒரு பக்கம் திரும்பியிருந்தது. அது அவள் எழுதுகிற கை. விமலன் தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவன்தான் ஓடிப்போய் சுப்பிரமணியத்தின் காரைக் கொண்டுவந்தான், அவன்தான் அவளைத் தூக்கி ஏற்றினான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை முன் சீட்டில் அவன் புருவத்திலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டே வந்தது. யாரும் துடைக்கவில்லை.

டாக்டர் கேட்டபோது சசிரேகா, "கால்வாயில வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள். விமலனின் புருவத்தைப் பார்த்து, "நீயும் அதே கால்வாய்லயா?" என்று கேட்டார் டாக்டர்.

மறுநாள் சனிக்கிழமை முழுக்க மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அம்சவல்லி கஞ்சி வைத்து மகளுக்கு ஊட்டினாள். மகனுக்கு ஒரு தட்டில் ஊற்றி வாசலில் கொண்டுபோய் வைத்தாள், அவன் உள்ளே வராமல் வாசலிலேயே கிடந்தான். தையல் போட்ட புருவம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. அடித்த கை அவளுக்கு வலித்தது. மனசு அதைவிட வலித்தது. அந்தச் சத்தியத்தைச் செய்த வாயை விறகால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டதும் சுப்பிரமணியம் வந்தார். திண்டாட்டமாக நின்றார்.

"தப்பா நெனைக்காத அம்சவல்லி. நாளைக்கி பெரட்டுல ஆள் நிக்கணும். ஆபீசுல கேக்கறாங்க. யாரு?"

வாசலில் கிடந்த விமலன் எழுந்து நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நான்தான். எம்பேரே இருக்கட்டும். பாப்பா போவட்டும். நான் செஞ்சதுக்கு இதாவது செய்யறேன்."

உள்ளேயிருந்து சசிரேகா மாவுக்கட்டுக் கையைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

"வேணாம் கங்காணி மாமா. எம்பேர எழுதிக்குங்க. இந்தக் கைய வச்சிக்கிட்டு நான் என்னாத்த எழுதப்போறேன். அண்ணனே போவட்டும். நான் போனா இவரு அம்மாவ அடிச்சே கொன்னுடுவாரு."

"யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்கப்பா" என்றார் சுப்பிரமணியம். "நீதான் சொல்லணும் அம்சவல்லி."

இந்த இடத்தில்தான் அம்சவல்லிக்கு அது நடந்தது. நெஞ்சுக்குள் 'அப்பாடா' என்று ஒரு காற்று இறங்கியது. ஒருத்தர் நின்றுவிடுவார்கள். வீடு தப்பியது. விமலனே நிற்கட்டும், ஆம்பளைப் பிள்ளை, பொறுத்துக்கொள்வான் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்படி வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அடி பாவி, ஒருத்தன் மண்டை உடைந்து நிற்கிறான், ஒருத்தி கை ஒடிந்து நிற்கிறாள், ரெண்டும் ஒன்றுக்குப் பயந்து ஒன்று தலையை நீட்டுகிறது, உனக்கு இந்த வீடு தப்பியதில் சந்தோஷமா? இந்தத் தகரமும் பலகையும் இருக்கிற வரைக்கும் ஒரு பிள்ளையை நீ இதற்குப் பலி கொடுத்துக்கொண்டுதான் இருப்பாய். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு.

அவள் பேசாமல் உள்ளே போனாள். விறகு பிளக்கிற கோடாலியோடு வெளியே வந்தாள்.

"ஐயோ, அலாமா" என்று சுப்பிரமணியம் ரெண்டு எட்டுப் பின்னால் போனார். கிராணியின் காது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

முதல் வெட்டு கதவில் விழுந்தது. ராஜு பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. ரெண்டாவதில் கீல் பிய்ந்தது, மூன்றாவதில் கதவே உள்பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே போய் ஜன்னலை அடித்தாள். பலகைத் தடுப்பைப் பிளந்தாள். அடுப்பு மேடை இடிந்து சாம்பல் வீடெல்லாம் பறந்தது. தேர்ந்த கை, கொழுந்து வெட்டிப் பழகிய தோள், நிற்காமல் வெட்டினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா திட்டா என்று வெளியே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

"கம்பெனி சொத்து அம்சவல்லி! போலீசு வரும்லா! நிறுத்து!"

"வரட்டும்! பேர வெட்டுவாங்களா? எங்கிட்ட வெட்டறதுக்கு பேரு ஏது?"

விமலன் உள்ளே ஓடிவந்து கோடாலியைப் பிடிக்கப் பார்த்தான். அவள் அதை அவன் பக்கமே திருப்பினாள்.

"கிட்ட வந்த, ஒன்னையும் வெட்டிருவேன். போடா! ஈப்போவுக்குப் போ. பாப்பா, நீயும் போ. இனிமே இந்த வீட்டுக்கு யாரு பேரும் வேணாம். வீடே இல்ல, பாத்துக்குங்க கங்காணி. வீடு இல்லன்னு ஆபீசுல போயி சொல்லுங்க."

"நீ எங்கம்மா போவ?" என்றான் விமலன். சின்னப் பிள்ளைக் குரலில் கேட்டான். அப்பா செத்த அன்றைக்குத்தான் அவன் அப்படிப் பேசியிருந்தான்.

அம்சவல்லிக்குக் கையிலிருந்து கோடாலி நழுவியது. சாம்பலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு பேரையும் ஏமாத்திட்டேன்டா. எனக்கு வேற தெரியலடா. மன்னிச்சிருங்கடா" என்று வாய்விட்டு அழுதாள். விமலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். சசிரேகா வரவில்லை. உடைந்த கதவருகே நின்று, இடது கையால் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் ரிங்லெட்டுக்கு இறங்கினார்கள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே அப்துல் முத்தலிப்பின் சாப்பாட்டுக் கடை. மேலே ஒரு அறை சும்மா கிடக்கிறது, அடுப்படிக்கு ஆளும் வேண்டும் என்று அவர் சம்சாரம் மஜீதா முதல்நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் மகன் ஹாசிக்கின் போனில்தான் சசிரேகா இடது கைவிரலால் தட்டித் தன் இடத்தை ஏற்றுக்கொண்டிருந்தாள். எஸ்டேட்டில் அம்சவல்லியின் கடைசிக் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். போலீசுக்குப் போகாமல் சுப்பிரமணியம் எப்படியோ பேசி வைத்தார்.

ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில் தாப்பா வரைக்கும் போய் அங்கே பிரியவேண்டும். சசிரேகா அண்ணனோடு பேசவில்லை. பையைத் தூக்க மட்டும் விட்டாள். அவன் ரெண்டு பையையும் ஏற்றிவிட்டு, அவளுக்கு ஜன்னல் சீட்டைக் காட்டிவிட்டு, தள்ளிப்போய்ப் பின்னால் உட்கார்ந்தான். பஸ் திரும்புகிறவரைக்கும் அம்சவல்லி நின்றாள். கையசைத்தது மகள்தான், மாவுக்கட்டுக் கையால்.

கடையில் காலைக்கூட்டம் நெரித்தது. ஒரு பக்கம் ரொட்டி சானாய் தட்டுகிற சத்தம், இன்னொரு பக்கம் தே தாரிக் டீ ஆற்றுகிற சத்தம். மஜீதா ஒரு கூடை வெங்காயத்தை அம்சவல்லி முன்னால் வைத்தாள். கத்தியை எடுத்தவள், நீட்டப்போய் நிறுத்தி, சிரித்தாள்.

"கத்திய நம்பிக் குடுக்கலாமாடி ஒங்கிட்ட? ஊரே சொல்லுதே."

"குடுங்கக்கா" என்றாள் அம்சவல்லி. "கோவப்படறதுக்கு வீட்டுல யாரு இருக்கா இனிமே."

மஜீதா சிரிப்பை விட்டுவிட்டுக் கத்தியைக் கொடுத்தாள். அம்சவல்லி முதல் வெங்காயத்தை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தாள்.